தனிப்பாட்டு ஒன்று மேடை ஏறும் வரை

சிங்கிள் என்பது துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே போகும் பாட்டு. ஆல்பத்தில் இருக்கும் பாட்டுக்கு முன்னும் பின்னும் வேறு பாட்டுகள் இருந்து தாங்கிப் பிடிக்கும். படத்தில் வரும் பாட்டுக்குக் கதையும் நடிகர் முகமும் கை கொடுக்கும். சிங்கிளுக்கு இந்த ஆதரவு எதுவும் கிடையாது. 1949-ல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் ஏழு அங்குல, 45 சுழற்சி இசைத்தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்ற அளவு வகுக்கப்பட்டது. பாட்டு நீண்டால் தட்டின் வரிப்பள்ளங்கள் நெருங்கும், நெருங்கினால் சத்தம் குறையும். அதனால் மூன்று, மூன்றரை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பது வழக்கமாயிற்று. இந்தியாவில் அதே ஏழு அங்குலத் தட்டில் நான்கு படப்பாடல்களைச் சேர்த்து இபி ரெக்கார்டாக விற்றார்கள். ஆகவே ஒரே ஒரு பாட்டைத் தனியே விட்டு அது பிழைக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இங்கே வெகுகாலம் வேரூன்றவில்லை.

அந்தப் பழக்கம் உச்சத்துக்குப் போனது 1971 முதல் 1974 வரையான இங்கிலாந்தில், கிளாம் ராக் காலத்தில். டி. ரெக்ஸ், ஸ்லேட், ஸ்வீட், டேவிட் போவி ஆகியோர் மினுக்குப் பொடியும் பளபளக்கும் சட்டையும் உயர்ந்த குதிகால் பூட்ஸும் அணிந்து, சிறுவர்கள்கூட முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்ளும் பாட்டுகளை அடுத்தடுத்து இறக்கினார்கள். தமிழில் அதற்கு மிக அருகில் வரும் ஒரு தனிப்பாட்டு 2011 நவம்பர் 16 அன்று வெளியானது: 'ஒய் திஸ் கொலவெறி டி'. அதில் மினுக்குப் பொடி கிடையாது. ஆனால் பாட்டைக் கட்டிய முறையிலும் வெளியே விட்ட முறையிலும் இரண்டுக்கும் இடையே உள்ள உறவு, பாட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிரித்துத் திரும்பக் கட்டும் அந்தத் தொழில்தான் கானமேளா, அதாவது படப்பாட்டுகளை மேடையில் வாசித்துப் பாடும் இசை நிகழ்ச்சி. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை எல்லை வரைக்கும், கோயில் உற்சவமோ தேவாலயத் திருவிழாவோ கானமேளா இல்லாமல் நிறைவதில்லை. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்துக்கும் போயின. கோடு நிலத்தில் விழுந்ததே தவிரக் காதில் விழவில்லை. பாறசாலை பொன்னம்மாளும் நெய்யாற்றின்கரை வாசுதேவனும் வளர்ந்த அதே மண்ணில் வில்லுப்பாட்டும் உண்டு, மலையாளப் படப்பாட்டும் உண்டு, தமிழ்க் குத்துப்பாட்டும் உண்டு. இலண்டனில் கிளாம் ராக் நடந்துகொண்டிருந்த எழுபதுகளில் தென்கோடி வீடுகளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒலித்தது. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' போன்ற பொப் பாடல்கள் அந்த அலைவரிசையில் வந்தவை. சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டைக் கேட்டுத் தலையாட்டிய காது, தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு பாட்டைக் கேட்டு மிரளுவதற்கு நியாயமே இல்லை.

பாட்டு உருவான கதை சுருக்கமானது. ஐஸ்வர்யா இயக்கிய '3' படத்துக்குக் காதல் தோல்வியை இலேசாகச் சொல்லும் ஒரு பாட்டு வேண்டியிருந்தது. இசையமைப்பாளர் அனிருத் ரவிச்சந்தருக்கு அப்போது வயது 21, அது அவருக்கு முதல் படம். மெட்டு சில நிமிடங்களில் பிறந்தது. நடிகர் தனுஷ் அதன்மேல் வாயில் வந்த சொற்களைப் போட்டுப் பாடினார். சினிமாப் பாட்டில் மெட்டுக்கு முதலில் தத்தகாரமோ டம்மி வரிகளோ வைப்பதும், பிறகு கவிஞர் வந்து உண்மையான வரிகளை எழுதுவதும் நடைமுறை. இங்கே டம்மி வரிகள் போலப் பிறந்தவையே பாட்டின் வரிகளாக நின்றுவிட்டன. தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் முடிவு இதுதான். டம்மி வரியில் எழுத்து இலட்சணம் இராது, ஆனால் மூச்சு சரியான இடத்தில் நிற்கும், வல்லினம் சரியான அடியில் விழும். அதை நீக்கி அழகான வரியை வைக்கும்போது பாட்டின் நடை கெட்டுப்போவதை எத்தனையோ ஒலிப்பதிவுகளில் பார்க்கலாம். அந்த வரிகள் வந்தது தற்செயலாக இருந்தாலும், அவற்றைத் திருத்தாமல் விட்டது தேர்ந்த காதின் வேலை.

வேகமாகப் பிறந்த பாட்டு என்பதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பெங்களூரில் பிறந்து அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்து போன இசைத் தயாரிப்பாளர் பிட்டு, 1974-ல் கார்ல் டக்ளஸைப் பாடவைத்து 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாட்டைப் பதிவு செய்தார். அது தட்டின் பின்பக்கத்துக்காக, ஸ்டூடியோ நேரம் முடியும் தறுவாயில் எடுத்த பாட்டு. பை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் அதைக் கேட்டவர்கள் முன்பக்கத்துக்கு மாற்றச் சொன்னார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பிடித்தது. பிட்டுவுக்கு அதற்கு முன் பல ஆண்டுகள் மேடையிலும் ஸ்டூடியோவிலும் கழிந்திருந்தன. சில நிமிடங்களில் வெளிவருவது அத்தனை ஆண்டுகள் உள்ளே கிடந்ததுதான்.

அடுத்தது தாளம். கிளாம் ராக் பாட்டுகளின் உயிர் காலடியில் இருக்கிறது. ஸ்லேட் குழுவினர் பூட்ஸ் காலால் தரையை மிதித்தும் கைதட்டியும் பதிவு செய்து அந்தச் சத்தத்தை டிரம்ஸோடு சேர்த்தார்கள். வீட்டில் ரேடியோ கேட்பவனுக்குத் தானும் கூட்டத்தில் நிற்பது போன்ற எண்ணம் வரும். அந்தக் காலத்துப் பாட்டுகள் பலவற்றில் அடி நெடில்-குறில், நெடில்-குறில் என்று சாய்ந்து நடக்கும். திஸ்ர நடையின் சாய்வு அது. டப்பாங்குத்தும் அந்தச் சாய்வில்தான் நிற்கிறது. கொலவெறியில் அனிருத் செய்தது, அந்தக் குத்து நடையை மெதுவாக்கியது. வேகக் குத்து ஆடத் தெரிந்தவனைத்தான் இழுக்கும். வேகத்தைக் குறைத்தால் ஆடத் தெரியாதவனும் தோளைக் குலுக்குவான், குழந்தையும் கைதட்டும். பறை, உருமி சாயல் கொண்ட அடியும் கணினியில் செய்த தாளமும் சேர்ந்து போகின்றன. இடையிடையே அடி நின்று குரல் மட்டும் தனித்து வரும். கேட்பவர் அந்த இடைவெளியைத் தன் கைதட்டலால் நிரப்பிக்கொள்கிறார்.

குரலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தனுஷ் தேர்ந்த பாடகராகப் பாடவில்லை. பாதி பேச்சு, பாதி பாட்டு. பெரிய ஏற்ற இறக்கமோ சங்கதியோ இல்லை. எந்தக் கட்டையில் பாடுகிறவரும் தன் ஸ்தாயியில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: பாட்டுக்குள்ளேயே பாடகர் வாத்தியக்காரர்களிடம் பேசுகிறார், குறிப்பெடுக்கச் சொல்கிறார், வாசிக்கச் சொல்கிறார். ஸ்டூடியோவில் வழக்கமாகத் துடைத்து எறியப்படும் பேச்சு இங்கே பாட்டின் உறுப்பாகிவிட்டது. 1973-ல் ஸ்வீட் குழுவுக்காக நிக்கி சின்னும் மைக் சாப்மனும் எழுதிய 'பால்ரூம் பிளிட்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் பாடகர் தன் தோழர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, தயாரா என்று கேட்கிறார். பிறகுதான் டிரம்ஸ் பாய்கிறது. ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் நகரில் அந்தக் குழுவின்மேல் பாட்டில்கள் பறந்த ஒரு மேடையிலிருந்து பிறந்த பாட்டு அது. ஆகவே மேடைப் பேச்சு அதில் இயல்பாகவே அமர்ந்தது. கானமேளா நடத்துகிறவர்களுக்கு இந்த உத்தி புதிதே அல்ல. முதல் பாட்டு முடிந்ததும் தபலா யார், கீபோர்டு யார், கிடார் யார் என்று ஒவ்வொருவராக அறிமுகம் செய்வதும், அவர் நாலு அடி தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்குவதும் இங்கே தலைமுறைகளாக நடப்பவை. கொலவெறி மேடைக்கு எளிதில் பொருந்தியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பாட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது வாத்தியத் தேர்வு. நாதஸ்வரம், ஷெனாய், சாக்ஸபோன் என்று நாக்கு வைத்து ஊதும் கருவிகள் கொலவெறியில் முன்னால் நிற்கின்றன. டி. ரெக்ஸின் 'கெட் இட் ஆன்' பாட்டிலும் (1971) அடியில் சாக்ஸபோன் உறுமுகிறது. ரிக் வேக்மன் பியானோவின் மேல் விரலை வழித்து இழுக்கும் ஒலி மட்டும் இடையிடையே வருகிறது. அந்தச் சின்ன இழுப்புக்காக ஒரு தேர்ந்த வாத்தியக்காரரை டி. ரெக்ஸின் தலைவர் மார்க் போலன் அழைத்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். சிங்கிளில் ஒலிகள் குறைவு. அதனால் ஒவ்வொன்றும் இருட்டிலும் அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும்.

மிக்ஸிங்கில் இதன் பலன் தெரியும். பெரிய ஸ்பீக்கரில் நன்றாக இருக்கும் பாட்டு சின்ன ஸ்பீக்கரில் செத்துப்போவது இந்தத் தொழிலின் பழைய துன்பம். மைக்செட்காரர்கள் தென்னையிலும் மின்கம்பத்திலும் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை இங்கே கோளாம்பி என்பார்கள். ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸிலிருந்து 5,000, 6,000 ஹெர்ட்ஸ் வரைதான் அதிலிருந்து உருப்படியாக ஒலி வரும். பேஸ் கிடாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அது கோளாம்பியில் வரவே வராது, அதன் மேல் இழைகள் மட்டும் மெலிதாகக் கேட்கும். பேஸை நம்பிக் கட்டிய பாட்டு அங்கே எலும்பில்லாமல் தொங்கும். பறையின் தோலில் குச்சி படும் சப்தமும் நாதஸ்வரத்தின் கூர்மையும் கோளாம்பிக்கு உகந்த இடத்தில் இருப்பவை. வயலைத் தாண்டி, இரப்பர்த் தோட்டத்தைத் தாண்டிக் கேட்கும். கோயில்களில் நாதஸ்வரமும் தவிலும் நிலைத்ததற்கும் இதே ஒலிக்கணக்கு ஒரு காரணமாக இருக்கலாம். 2011-ல் கோளாம்பியின் இடத்தைக் கைபேசியின் நாணயமளவு ஸ்பீக்கர் பிடித்திருந்தது. அதிலும் பேஸ் வராது. ஆகவே கைபேசியிலிருந்து பேருந்துக்குள் ஒலித்தபோதும் கொலவெறியில் முக்கியமான எதுவும் காணாமல் போகவில்லை.

பாட்டைக் கண்ணுக்குக் காட்டுவது சிங்கிளின் மறுபாதி. 1971 மார்ச்சில் 'ஹாட் லவ்' பாட்டுக்காக டாப் ஆஃப் த பாப்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்த மார்க் போலன் கண்ணுக்குக் கீழே மினுக்குப் பொடி இட்டிருந்தார். கிளாம் ராக்கின் பிறப்பை அங்கிருந்து கணக்கிடுபவர்கள் உண்டு. 1972 ஜூலை 6-ல் ஒளிபரப்பான அதே நிகழ்ச்சியில் டேவிட் போவி 'ஸ்டார்மேன்' பாடிக்கொண்டே கிடார் வாசித்த மிக் ரான்சனின் தோளில் கை போட்டார். அந்தச் சில நிமிடங்களைப் பார்த்து இசைக்கு வந்தோம் என்று பின்னாளில் சொன்ன இங்கிலாந்துப் பாடகர்கள் பலர். கொலவெறிக்குக் கிடைத்த உருவம் நேர் எதிரானது. பாட்டின் முழுமையாகாத வடிவம் இணையத்தில் கசிந்துவிட்டதால் சோனி மியூசிக் நிறுவனம் அவசரமாக அதிகாரபூர்வ வெளியீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. படப்பிடிப்புக் காட்சி கையில் இல்லை. சென்னை ஏ.எம். ஸ்டூடியோவில் பாட்டுப் பதிவாவதையே வீடியோவாக எடுத்தார்கள். காதில் ஹெட்போனுடன் தனுஷ், பக்கத்தில் அனிருத், சிரித்துக்கொண்டு ஐஸ்வர்யாவும் படத்தின் நாயகி ஸ்ருதிஹாசனும், திரையில் ஓடும் பாட்டு வரிகள். ஒப்பனையும் இல்லை, நடனமும் இல்லை. பாட்டுக்குள்ளேயே ஸ்டூடியோப் பேச்சு இருந்ததால் இந்தக் காட்சி ஈடுகட்ட வைத்தது போலத் தெரியவில்லை, பாட்டின் உண்மையான முகம் போலவே அமைந்தது. பெரும் செலவில் வெளிநாட்டில் படமாக்கியிருந்தால் இந்தப் பொருத்தம் வந்திருக்காது.

வெளியீட்டு முறையில் காலம் எவ்வளவு மாறியது என்பதற்கு ஸ்லேட் குழுவின் 'மெரி கிறிஸ்மஸ் எவ்ரிபடி' நல்ல அளவுகோல். கிறிஸ்துமஸ் பாட்டை 1973-ன் கோடையில், நியூயார்க் ரெக்கார்ட் பிளாண்ட் ஸ்டூடியோவில், வெயில் கொளுத்தும் நாட்களில் பதிவு செய்தார்கள். தட்டு அச்சாகி, பெட்டியில் அடுக்கி, நாடு முழுவதும் கடைக்குப் போய்ச் சேர மாதங்கள் வேண்டும். டிசம்பர் 7 அன்று வெளியானபோது முன்பதிவே ஐந்து இலட்சம் இருந்தது. நேராக முதலிடத்தில் நுழைந்தது. கொலவெறிக்கு அச்சகமும் இல்லை, லாரியும் இல்லை. சோனி மியூசிக் அதை யூடியூபில் ஏற்றியது. டுவிட்டரும் பேஸ்புக்கும் கைமாற்றின. எஃப்.எம். வானொலிகள் எடுத்துக்கொண்டன, எம்டிவி இந்தியாவும் ஒளிபரப்பியது. ஆண்டு முடிவதற்குள் பார்வைகள் கோடிக்கணக்கில் போயின.

எல்லைக் கிராமங்களுக்கு அது வந்த வழி வேறு. அன்றைக்கு இணையம் உள்ள கைபேசி எல்லோரிடமும் இல்லை. கைபேசிக் கடையில் சிறு தொகை கொடுத்து மெமரி கார்டில் பாட்டு நிரப்பிக்கொள்வார்கள். ஒருவரிடம் வந்தால் புளூடூத்தில் நண்பர்களுக்குப் போகும். ஆட்டோவில் பென்டிரைவிலிருந்து ஒலிக்கும். காலர் டியூனாக வைத்தவர்களுக்கு யார் போன் செய்தாலும் அதே பாட்டு. மலையாள மகர மாதத்தில் தொடங்கும் உற்சவ காலத்துக்கு முன்பே, மேடையில் பாடாமல் தப்ப முடியாத பாட்டாகிவிட்டது.

கானமேளாக் குழு ஒரு பாட்டைத் தனதாக்கும் வேலை ஒலிப்பதிவுக்கு எதிர்த்திசையில் நடக்கும். குழுவில் பொதுவாக இரண்டு கீபோர்டு, ரிதம் பேட், தபலா, டிரம்ஸ், லீட் கிடார், பேஸ் இருக்கும். நாதஸ்வரக்காரரைச் சேர்த்துக்கொள்வது பல குழுக்களுக்குக் கட்டாது. அந்தப் பங்கு இரண்டாம் கீபோர்டுக்குப் போகும். கீபோர்டில் உள்ள நாதஸ்வர ஒலி விசையை அமுக்கியதும் நிலையான சுரமாகப் பிறக்கும், உண்மையான நாதஸ்வரமோ கீழிருந்து வழுக்கிக்கொண்டு வந்து சுரத்தில் நிற்கும். அந்த வழுக்கலைச் செய்ய இடதுகைக் கட்டைவிரல் பிட்ச் பெண்ட் சக்கரத்தில் இருக்க வேண்டும். ஒத்திகை அறையில் கேட்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணா, இந்த பிட்டை முழுசும் வளச்சு எடுக்கட்டுமா?"

"வேண்டாம் மக்கா. மொதல் சுரத்தில மட்டும் வளை. பொறவு நேரா நில்லு. எல்லாத்தையும் வளச்சா கல்யாண வீடு மாதிரி ஆயிடும்."

ரிதம் பேட்காரருக்கு வேறு சிக்கல். டிரம்ஸும் தபலாவும் சேரும்போது கை தானாக வேகம் பிடிக்கும். ஆட்டம் சூடேறினால் வாசிப்பவர் ஓடுவார். கொலவெறி ஓடினால் அது இன்னொரு குத்துப்பாட்டாகிவிடும். மெதுவில்தான் அதன் மிடுக்கு. ஆகவே அனுபவமுள்ள தலைவர் பேஸ் கிடாரைக் கடிவாளமாக வைப்பார். பாடகர் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். நல்ல சாரீரம் உள்ளவர்கள் இந்தப் பாட்டைக் கெடுக்கிறார்கள். யேசுதாஸ் பாடல்களில் பழகிய தொண்டை ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சங்கதி போடத் துடிக்கும். போட்டால் பாட்டின் வெகுளித்தனம் போய்விடும். சில குழுக்களில் இதைப் பாடகருக்குக் கொடுக்காமல் பேச்சுத் துணிச்சல் உள்ள கிடார்காரருக்கோ நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கோ கொடுப்பது சரியான முடிவு.

மேடையில் பாட்டின் இடமும் கணக்கோடு வைக்கப்படுகிறது. முதலில் பக்திப்பாடல், பிறகு மெலடி, நடுவில் ஜோடிப் பாட்டுகள், கடைசியில் அடிச்சுப்பொளி எனப்படும் ஆட்டப் பாட்டுகள். தெற்குத் திருவனந்தபுரத்தில் கடைசிப் பகுதி பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுகளால் ஆனது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அனுமதி தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. நேரம் சுருங்கியபோது முதலில் வெட்டுப்பட்டவை மெலடிகள். கொலவெறி கடைசிப் பகுதியின் வாசலில் வைக்கப்பட்டது. உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை எழுப்ப அந்த மெதுவான அடி போதும், எழுந்த பிறகு வேகப் பாட்டுகள் வந்துகொள்ளும்.

பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் மேடையிலிருந்து ஏதாவது போகிறதா என்பது பேசப்பட வேண்டிய விஷயம். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக உரிமத்தொகை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பு 1969 முதல் இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், படத்துக்காக எழுதிய பாட்டிலும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கு உண்டு என்று உறுதி செய்தது. ஒரு பாட்டை வைத்து ஒரு உற்சவ காலம் முழுக்கக் கூட்டம் சேர்க்கும் தொழில், அந்தப் பாட்டைச் செய்தவர்களுக்குரியதைக் கொடுக்கத்தான் வேண்டும். உற்சவக் கமிட்டிகள் குழுவின் கூலியைப் பேசும்போதே இதையும் ஒரு செலவாக எழுதிக்கொள்ளும் வழக்கம் வர வேண்டும்.

'3' படம் 2012 மார்ச் 30-ல்தான் திரைக்கு வந்தது. அதற்குள் பாறசாலை, செங்கல், தனுவச்சபுரம் பக்கத்து உற்சவ காலத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது. படத்தைப் பார்க்காமலே ஊர் பாட்டைப் பாடித் தீர்த்திருந்தது. அடுத்த ஆண்டுகளில் புதுப் பாட்டுகள் வந்து பட்டியலை நிரப்பின. இன்று அது முழுப் பாட்டாக மேடை ஏறுவது அரிது. தமிழ் மெட்லியின் நடுவே, நாதஸ்வர பிட்டும் பல்லவியும் மட்டும் வாசித்து அடுத்த பாட்டுக்குத் தாவுவார்கள்.